ஈரம் காயாத மருதாணி

முதலில் நான் கவனித்தது ஒரு கோடு. கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள், ரொட்டி அடுப்பிலிருந்து தகரத் தட்டை இழுக்கும்போது என் வலது கையில் அனல் அடித்தது. சாயங்காலம் பார்த்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் கன்றி, சிறு சிறு கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே, புறங்கையில், கல்யாண மருதாணி சிவந்திருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மருதாணி எங்கே முடிந்ததோ சரியாக அங்கே கொப்புளம் ஆரம்பித்திருந்தது, யாரோ அடிக்கோல் வைத்துப் பிரித்தது போல. அனலுக்குக் கிட்டத்தில் இருந்தது கைதான், முழங்கை அல்ல. வெந்திருக்க வேண்டிய இடம் வேகவில்லை.

மகளே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு வயது நிறைகிறது. எனக்குப் பதினெட்டு. இந்தக் கடிதத்தை நீ படிக்கும் காலத்தில் இப்போதிருக்கும் என்னைவிட நீ பெரியவளாக இருப்பாய். ஆகவே உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு வயதினால் வரவில்லை. உன் இடது கையில் இருக்கும் தழும்பினால் வந்தது. அதைப் பற்றி உன்னிடம் வேறு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். அந்தக் கதை எப்படி வந்தது என்பதும், உண்மையில் நடந்தது என்ன என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் வாய் திறந்து பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். எங்களுக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரீ, மதர், என் முகத்தைப் பார்த்தே, "உனக்குத் தெரியும், சொல்லு" என்பார். அப்போதும் நான் தரையைப் பார்ப்பேன்.

மூன்றாம் பாரம் முடிவதற்குள் என் அப்பா காலமாகிவிட்டார், படிப்பு நின்றது. ஆனால் அதற்கு முந்தின வாரம் மதர் எங்களுக்கு ஒன்று காட்டினார். வெங்காயத்தின் உள்தோலை மெல்லிசாக உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, பூதக்கண்ணாடிக் குழாயில் ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். உள்ளே வரிசை வரிசையாகச் சின்ன அறைகள். செங்கல் சுவர் மாதிரி இருந்தது. "இந்த அறை ஒவ்வொன்றிலும் உயிர் இருக்கிறது. உங்கள் தோலும் இப்படி அறை அறையாகத்தான் கட்டியிருக்கிறது" என்றார். அன்று முழுக்க நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்புளங்களையும் அந்தக் கோட்டையும் பார்த்தபோது எனக்கு வந்த முதல் நினைவு அந்த அறைகள்தான். அனல் பட்டு அறைச் சுவர் உடைந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே வருகிறது. மருதாணி பட்ட இடத்தில் சுவர் உடையவில்லை. ஏன்?

உன் அப்பாவின் வீடு உனக்குத் தெரியும். சாந்தோமில் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில், முன்பக்கம் ரொட்டி அடுப்பு, பின்பக்கம் குடித்தனம். அடுப்பை நடத்துவது உன் அப்பாவும் அவருடைய அக்காவும், அதாவது உன் அத்தை. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். எதிர்வீட்டில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை எல்லாரும் ஆபா என்போம், அக்கா என்பதற்கு அவர்கள் பாஷையில் சொல்லும் சொல். கல்யாணத்துக்கு முந்தின நாள் என் கைகளுக்கு மருதாணி வைத்தது ஆபாதான். கொப்புளக் கையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அரே, இதுக்கா இப்டி முழிச்சிக்கினு நிக்கிற? எங்க வீட்டு ஆம்பளைங்களைக் கேளு. பச்சைத் தோலை ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறப்போட்டா அது அழுகிப் போவாது, வெயில்ல வெடிக்காது. பட்டைல கீற துவர்ப்பு தோலுக்குள்ள போய் உக்காந்துக்கும். மருதாணிலயும் துவர்ப்பு கீது இல்ல?"

"அது செத்த தோல் ஆச்சே ஆபா."

"செத்ததுக்கே செய்யிது, உசிரோட கீறதுக்குச் செய்யாதா? போ, அரைச்சுப் பாரு."

அரைத்துப் பார்த்தேன். மதர் சொல்லிக்கொடுத்த முறையில், ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்து. வலது முன்கையில் மருதாணியை அரைத்துப் பூசி, நன்றாகக் காயவிட்டு, உதிர்த்துக் கழுவி, சிவப்பு ஏறிய பிறகு அடுப்பு வேலை. இடது கை வெறுமனே. பத்து நாள். அடுத்த தடவை கற்றாழைச் சோறு. அதற்கடுத்து, அடையாற்றங்கரையிலிருந்து கீரைக்காரி கொண்டுவரும் வல்லாரை. கற்றாழை சுட்ட பிறகு போட்டால் குளிர்ச்சி தருகிறது. முன்னால் போட்டால் அனல் அதை ஒரு நிமிஷத்தில் காயவைத்துவிடுகிறது. வல்லாரை பூசிவந்த கையில், கன்றிய தோல் சீக்கிரம் மெத்தென்று ஆனது; ஆனால் கன்றுவதைத் தடுக்கவில்லை. முன்கூட்டியே தோலுக்குள் போய்க் காத்து நின்றது மருதாணி ஒன்றுதான். அதுவும் முழுக்கக் காக்கவில்லை. நாலு கொப்புளம் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்று வந்தது, அவ்வளவே. இதை நான் உனக்குத் தெளிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ‘அவ்வளவே’யை நானே பிறகு மறந்தேன்.

உன் அப்பாவின் முன்கைகளை நீ பார்த்திருப்பாய். மயிர் கிடையாது. பழுப்பு நிறத்தில் வலை விரித்த மாதிரி கோடுகள். பதினைந்து வருஷ அனல் போட்ட வலை அது. எனக்கு அவரோடு பேசவே அப்போது கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அரைத்த மருதாணிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மறுநாள் சைக்கிளில் ரொட்டிக் கூடை எடுக்க வந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா நைனா, கை ரெண்டும் செவந்து கீது! மறுபடி கல்யாணமா?"

"ஆமாடா. இந்தத் தபா அடுப்பைக் கட்டிக்கினேன்."

"பொண்ணு கொஞ்சம் சூடான பார்ட்டிதான்!"

"முன்னாடி கட்டினது பேசவே பேசாது. அதான் சரிக்கட்ட."

நான் உள்ளே ஓடிவிட்டேன். ஆனால் சிரித்துக்கொண்டே ஓடினேன். மூன்று மாதத்தில் அவர் கைகளில் புதுக் கொப்புளம் வருவது குறைந்தது. அத்தைகூட ஒரு நாள் தன் கையை நீட்டி, "எனக்கும் கொஞ்சம் தடவுடி, பாக்கலாம்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்ன விடை சரியாக இருந்தது. எனக்குள் ஒரு கர்வம் வந்தது, மகளே. வெளியே தெரியாத கர்வம். பேசாதவர்களின் கர்வத்தை யாரும் தட்டிக் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது. உனக்கு அப்படி ஒன்று எப்போதாவது வந்தால், யாரிடமாவது அதை வாய்விட்டுச் சொல்லிவிடு. கேட்பவர் ஒரு கேள்வியாவது கேட்பார். என்னை யாரும் கேட்கவில்லை.

நீ பிறந்து எட்டாம் மாதம் பெரிய வாரம் வந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்தான் எங்கள் அடுப்புக்கு வருஷத்திலேயே அதிக வேலை. சிலுவைக்குறி போட்ட இனிப்பு ரொட்டி அன்று எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். சாந்தோம், மயிலாப்பூர், அடையாற்றில் துரைமார் பங்களாக்கள் வரை. அத்தை மாவில் சிலுவை கீறிக்கொண்டிருந்தார், அப்பா கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வழக்கமாக உன்னை வைத்துக்கொள்ளும் ஆபா அன்று திருவல்லிக்கேணிக்கு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். உனக்குப் பல் முளைக்கிற காலம். தொட்டிலில் போட்டால் அழுகை, இடுப்பில் வைத்தால் நிற்கும். மத்தியானம் இரண்டு மணி. ஒரு தட்டு ரொட்டி வெந்துவிட்டது, எடுக்க என்னைத் தவிர ஆளில்லை. உன்னை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். நீ அழுதிருப்பாய், அழுதால் என்ன? அழுத குழந்தைக்கு எதுவும் ஆகிவிடுவதில்லை. இதை இன்றைக்குத்தான் எழுதத் தெரிகிறது.

அப்பாவுக்காக அன்று காலையில் அரைத்த மருதாணி கிண்ணத்தில் இருந்தது. அதை எடுத்து உன் இரண்டு கைகளிலும் முழங்கை வரை வழித்துப் பூசினேன். காயவிட வேண்டும், உதிர்க்க வேண்டும், கழுவ வேண்டும், சிவப்பு ஏற வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் கண்டுபிடித்ததே அதுதான். ஆனால் நேரம் இல்லை. இலைதானே காக்கிறது, இலை மேலே இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். என் பத்து நாள் கணக்கில் ஒரு நாள்கூட ஈரமான விழுதோடு அடுப்பருகே நான் போனதில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தேன். உள்ளே தணல் சிவப்பாக இருந்தது. நீ அதைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினாய். கதவின் விளிம்பில் உன் இடது கை பட்டது, கண் மூடித் திறக்கும் நேரம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் சத்தம் வந்தது. விழுதிலிருந்த ஈரம் அத்தனையும் ஆவியாகி உன் கையோடு ஒட்டிக்கொண்டது. வெறும் கை பட்டிருந்தால் ஒரு கோடு விழுந்திருக்கும். நான் பூசியதால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்தது. உன் அலறலுக்கு அப்பா விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து உன்னைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் கையை அமிழ்த்தினார். அவர் என்னைத் திட்டவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

தர்ம ஆஸ்பத்திரியில் பெரியவர் ஒருவர் கம்பவுண்டராக இருந்தார். உன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல இன்னாம்மா இது, மஞ்சளா பச்சையா ஒட்டிக்கினு கீது?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. பெற்ற தாய் பிள்ளையின் கையில் எதையோ பூசி அடுப்புக்குள் நீட்டினாள் என்று அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்பார்களே என்று தரையைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை, "சந்தனம் போட்டோம், குளிர்ச்சிக்கு" என்று சொல்லிவிட்டார். அத்தை என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். கம்பவுண்டர் தலையாட்டிவிட்டு மேலோடு துடைத்தார். ஒரு பழுப்பு மருந்தைத் தடவினார்.

"பயப்படாதீங்க. இதுவும் செடியில கீற துவர்ப்புதான். கடுக்காய்ல, தேயிலைல இருக்குமே, அந்தச் சத்து. வெந்த தோல் மேல மூடி மாதிரி கட்டிக்கும், அடியில புதுத் தோல் வளரும்."

எதிர்வீட்டு ஆபா சொன்ன அதே துவர்ப்பு. கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, அப்போதும் பேசவில்லை. மூடி கட்டிக்கொண்டது. அதன் அடியில், அவர் சந்தனம் என்று நினைத்து விட்டுவைத்த இலைத் துணுக்குகள் இருந்தன. நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது, மூடிக்குக் கீழே சீழ். இரண்டு நாள் நீ பால் குடிக்கவில்லை. ஆறாம் நாள் நான் தனியாக உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தப் பெரியவரிடம், "சந்தனம் இல்லீங்க. மருதாணி. பச்சையா அரைச்சது. நான்தான் பூசினேன்" என்றேன். மூச்சு வாங்கியது. அவர் கோபப்படவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா சுத்தமா கழுவி இருப்பேனேம்மா" என்றார். "சின்னதா போயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். நீ பிழைத்தாய். உன் கையில் இருப்பதில் ஒரு பங்கு என் அவசரம் செய்தது. மீதிப் பங்கை என் வாய் பேசாமை செய்தது. அந்த இரண்டாவது பங்குதான் பெரிது.

அந்த வாரத்திற்குப் பிறகு அப்பா மருதாணி வேண்டாம் என்றார். நான் மறுபடி அரைத்தேன். "தப்பு இலை மேல இல்ல. காயாம பூசினேன் பாருங்க, அது மேல" என்றேன். அவரிடம் நான் ஒரே மூச்சில் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவர் சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். முழுதும் காய்ந்து, உதிர்ந்து, கழுவி முடியும் வரை அவரை அடுப்புப் பக்கம் போகவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ பெரியவளாகி இந்த அடுப்பருகே நிற்க நேர்ந்தால் நீயும் பூசிக்கொள். சிவப்பு ஏறிய பிறகு போ. ஏறிய பிறகும் அனலை நம்பாதே. சுட்டுவிட்டால் முதலில் தண்ணீர், அப்புறம் மற்றது. சின்னக் குழந்தைகளுக்கு எதையும் பூசாதே; அவர்களை அடுப்பிலிருந்து தூரமாக வை, அதுதான் அவர்களுக்குப் பூச்சு.

இனி அத்தையின் கதை. அத்தையின் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு தழும்பு இருக்கிறது. முந்தானையை எப்போதும் அந்தப் பக்கம்தான் இழுத்துவிடுவார். பதினாறு வயதில் அடுப்புத் தணல் தெறித்தது. அடுத்த வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, கழுத்தைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே. உன் கை ஆறி, தோல் சுருங்கிப் பளபளவென்று ஆனதைப் பார்த்த அன்று அத்தை என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"இத பாருடி. சுட்டதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. பொறக்கும்போதே இருந்ததுன்னு சொல்லு. கர்ப்பத்துல கிரகணத்தன்னிக்கு வெளிய போனேன்னு சொல்லு."

"பங்குச் சாமியார் கேட்டா?"

"சாமியார் நம்பமாட்டாரு. ஊரு நம்பும். கிரகணம்னா கடவுள் விட்ட வழின்னு போயிடுவாங்க. சுட்டதுன்னா, வளக்கத் தெரியாதவ வீட்டுப் பொண்ணு, வேணாம்பாங்க. எனக்குத் தெரியும்டி. எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஊரைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். தலையாட்டினேன். அன்றிலிருந்து உனக்கு எல்லாச் சட்டைக்கும் முழுக்கை. இந்தப் புழுக்கத்தில் முழுக்கைக்குள் உன் கை வேர்க்குருவாகி, நீ சொறிந்து சொறிந்து அழுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியில் நிற்கும்போது, மாம்பலத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் உன் கையைத் தூக்கிக் கொஞ்சினார். சட்டை மேலே ஏறியது.

"அடடா, இன்னாம்மா இது கொழந்தைக்கு?"

அத்தை முந்திக்கொண்டு, "கிரகணம்மா. வயித்துல இருக்கசொல்ல" என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தலையையும் ஆட்டினேன். நீ என் தோளில் இருந்தபடி அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு இப்போது எதுவும் புரியாது. இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் புரியும். பிறகு நீயும் யாராவது கேட்டால் தரையைப் பார்க்கக் கற்றுக்கொள்வாய். ஆஸ்பத்திரி வரிசையில் நான் பார்த்த அதே தரை. ஒரு தடவை அந்தத் தரையைப் பார்த்ததற்கு உன் கை கொடுத்த விலை எனக்குத் தெரியும். அதையே வாழ்நாள் முழுவதும் நீ பார்த்துக்கொண்டிருக்க நான் வழி செய்யக் கூடாது.

உன்னைப் பெண் பார்க்க வருபவர்கள் திரும்பிப் போகலாம். அத்தைக்கு நடந்தது உனக்கும் நடக்கலாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியாது. நடக்காது என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் முடியாது. உன் அம்மாவின் தப்பு அது, உன் குறை அல்ல என்று கேட்பவர்களிடம் நேராகச் சொல்ல உனக்கு ஒரு வாய் இருந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வாய் முதலில் எனக்கு இருந்தால்தான் உனக்கு வரும்.

உன் பிறந்தநாளுக்கு அத்தை ஒரு வெள்ளைச் சட்டை தைத்துவைத்திருக்கிறார். நல்ல மல் துணி, மணிக்கட்டில் சரிகைப் பட்டி வைத்த முழுக்கை. ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போக வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை அடுப்பில் இருக்கிறார், நீ என் மடியில் தூங்குகிறாய், சட்டை என் முன்னால் இருக்கிறது. இந்த வரியோடு பேனாவை வைத்துவிட்டு, உன்னைப் பாயில் படுக்கவைத்து, எழுந்துபோய் அத்தையை அழைத்துவந்தேன். "என்னடி?" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிக்கோலை எடுத்து, சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே வெட்டினேன்.